'சிஸ்டத்தில் தமிழ் ஏறாது' என்று யாராவது சொன்னால்...

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடை பில், சங்க உறுப்பினர் பட்டியல், பள்ளிக் கட்டண ரசீது என எதையாவது தமிழில் கேட்டால் கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "சிஸ்டத்துல தமிழ் ஏறாது சார்." இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு அது நியாயமான பதில். விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் தெரிய வேண்டுமென்றால் மொழி அமைப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். உடனே அது சிடியைக் கேட்கும். சிடி யாரிடமும் இருக்காது. இன்று அப்படியில்லை. பதில் சொல்லும் அந்த ஊழியரே அடுத்த நிமிடம் தன் கைப்பேசியில் வீட்டுக்குத் தமிழில் செய்தி அனுப்புகிறார். கணினிக்கும் கைப்பேசிக்கும் தமிழ் நன்றாகவே தெரியும். வழியில் நாலைந்து இடங்களில்தான் அடைப்பு. எந்த இடத்தில் அடைப்பு என்று கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் காசு செலவில்லாமலே சரிசெய்யலாம். அலுவலகங்களிலும் கடைகளிலும் மென்பொருள் வாங்குவோருக்கும் அதைப் பராமரிப்போருக்கும் பயன்படும் என்று கருதி இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், தமிழ் உடைந்து தெரியும்போது அது எப்படி உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லா உடைசலும் ஒன்றல்ல. வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது, அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். நோட்டோ சான்ஸ் தமிழ் போல இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு ஒன்றை நிறுவினால் முடிந்தது.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்தால், அது யூடிஎஃப்-8 முறையில் (உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் முறை) எழுதிய தமிழை வேறு முறையில் படித்ததன் விளைவு. யூடிஎஃப்-8 ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் மூன்று பைட்டுகளாக எழுதுகிறது. முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. அதைத்தான் பழைய மேற்கத்திய முறை அந்தச் சாய்கோட்டு 'ஏ'யாகக் காட்டுகிறது. இங்கேயும் தரவு பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கோலத்திலேயே திறந்து, திருத்தி, மறுபடி சேமித்துவிடாதீர்கள். புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகியவற்றின் கடைசி பைட்டுகளுக்கு விண்டோஸின் மேற்கத்தியப் பட்டியலில் எழுத்தே ஒதுக்கவில்லை. சில நிரல்கள் அந்த இடத்தில் கேள்விக்குறியைப் போட்டுச் சேமித்துவிடும். பிறகு மீட்டெடுத்தால் மற்றதெல்லாம் வரும், புள்ளியும் அந்த மூன்றும் வரா. புள்ளி இல்லாத தமிழை ஓலைச்சுவடியில் படிக்கலாம். சம்பளப் பட்டியலில் படிக்க முடியாது.

வரிசையாக வெறும் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால் அதுதான் கெட்ட செய்தி. தமிழுக்கு இடமில்லாத பெட்டிக்குள் தமிழைத் திணித்ததால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டது. எழுத்துரு மாற்றினாலும் வராது, மாற்றி நிரல்களாலும் ஆகாது. மூலத் தாளைப் பார்த்து மறுபடி அடிப்பது ஒன்றுதான் வழி. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தில் இது அடிக்கடி நடக்கும். பெயர், முகவரி என ஒவ்வொரு விவரத்துக்கும் அதில் உள்ள பத்தியை வழக்கமான தொகுப்பு முறையோடு ('கொலேஷன்') 'வார்சார்' என்று வைத்தால் தமிழ் நிற்காது; 'என்வார்சார்' வேண்டும். அதைச் சரியாக வைத்துவிட்டு, நிரலுக்குள் பெயரை மேற்கோளில் நேராக எழுதும்போது மேற்கோளுக்கு முன்னால் ஆங்கில 'என்' எழுத்தை விட்டுவிடுவார்கள். பத்தி சரியாக இருந்தும் உள்ளே போவது கேள்விக்குறிதான்.

எக்செலிலும் இதே விபத்து உண்டு. தமிழ்ப் பட்டியலைச் சாதாரண சிஎஸ்வி (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் கோப்பு) வகையில் சேமித்தால் அந்தக் கோப்பில் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். புதிய எக்செலில் அதே பட்டியலுக்குள் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனி வகை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திறக்கும்போது தலைகீழ்ச் சிக்கல்: வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் அந்தச் சாய்கோட்டு 'ஏ'க்கள் அணிவகுக்கும். கோப்பில் கோளாறு இல்லை. எக்செலை வெறுமையாகத் திறந்து, 'டேட்டா' பட்டியலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' என்பதைச் சொடுக்கி, 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 என்ற எண்ணுள்ள வரியைத் தேர்ந்தால் தமிழ் தமிழாக வரும். இந்த ஓர் எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைக்கலாம்.

அடுத்தது எழுத்துக்கணக்கு. மென்பொருள் எழுதுவோர் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரை மனத்தில் வைத்தே பத்தியின் அகலத்தை முடிவு செய்கிறார்கள். 'கிருஷ்ணமூர்த்தி' என்பது நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடு கணக்கில் பதினைந்து குறியீடுகள், ஏனென்றால் கி என்பது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு, ஷ் என்பது ஷகரமும் புள்ளியுமாக இரண்டு. யூடிஎஃப்-8 கணக்கில் 45 பைட். ஆரக்கிள் தரவுத்தளத்தில் 'வார்சார்2' என்று போட்டு 30 என்று எழுதினால், இயல்பான அமைப்பில் அது 30 பைட்தான். அதாவது பத்துக் குறியீடுகள். 'மதிப்பு பத்தியைவிடப் பெரியது' என்று 12899 எண்ணுள்ள பிழை வரும். பிழை வந்தாலாவது பரவாயில்லை. சில நிரல்கள் முன்கூட்டியே பெயரை வெட்டி 'கிருஷ்ணமூர' என்று உள்ளே தள்ளிவிடும். 20 பைட்டில் வெட்டினால் இன்னும் மோசம்: 'கிருஷ்' என்று வந்து, பாதியில் அறுந்த பைட்டுகளுக்காகக் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். அடையாள அட்டைகளில் அந்தச் சாய்சதுரத்தைப் பார்த்தால் காரணம் இதுதான் என்று அறியலாம். ஆரக்கிளில் எண்ணை அடுத்து சி-எச்-ஏ-ஆர் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் பைட் கணக்கு குறியீட்டுக் கணக்காக மாறிவிடும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் 4.1 பதிப்பிலிருந்து குறியீட்டைத்தான் எண்ணுகிறது. எதில் எழுதினாலும் தமிழ்ப் பெயருக்கு நூறு குறியீடு ஒதுக்குங்கள். வட்டு விலை இறங்கிக் கிடக்கும் காலத்தில் இதில் சிக்கனம் பார்க்க ஒன்றுமில்லை.

மைஎஸ்க்யூஎல் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 8.0 பதிப்புக்கு முன்பு அதன் இயல்பான எழுத்து முறை 'லத்தீன்1'. பழைய பில்லிங் மென்பொருள்கள் பல, தரவுத்தளம், நிரல் இரண்டுமே லத்தீன்1 என்று நம்பிக்கொண்டு தமிழ் பைட்டுகளை அப்படியே உள்ளே போட்டு வெளியே எடுத்துக்கொண்டிருக்கும். அந்த மென்பொருளின் திரையில் எல்லாம் அழகாகத் தெரியும். புதிய மென்பொருளுக்கு மாறும் நாளில்தான் குட்டு வெளிப்படும். அப்போது பத்தியை நேராக 'யூடிஎஃப்8எம்பி4'-க்கு (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8 முறையின் பெயர்) மாற்றினால் குப்பை நிரந்தரமாகிவிடும். முதலில் பத்தியை 'பிளாப்' போன்ற பைனரி வகைக்கு மாற்றி, அதன் பிறகு யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்ற வேண்டும். பைனரியில் நிற்கும்போது தரவுத்தளம் பைட்டுகளைத் தொடாது; அதுதான் சூட்சுமம். பேக்கப் எடுக்காமல் இதில் கை வைக்க வேண்டாம்.

இணையப் படிவங்களில் ஒரு வேடிக்கை உண்டு. பெயர்க் கட்டத்தில் 'கமல' என்று அடித்தால் ஏற்றுக்கொள்ளும். 'கமலா' என்று அடித்தால் 'எழுத்துகள் மட்டுமே அனுமதி' என்று சிவப்பில் திட்டும். யூனிகோடு ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது. க, ம, ல எல்லாம் 'எழுத்து' வகை. கால், கொம்பு, புள்ளி எல்லாம் 'குறி' வகை. நிரலாளர் எழுத்து வகையை மட்டும் அனுமதித்து ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார். பைத்தானில் 'இஸ்ஆல்ஃபா' என்ற சோதனையை 'கமலா'வுக்கு ஓட்டினாலும் இல்லை என்றுதான் சொல்லும். சோதனை வரியில் 'எல்' வகைக்குப் பக்கத்தில் 'எம்' வகையையும் சேர்த்தால் போதும். ஒரு வரித் திருத்தம்தான். இது தெரியாமல் 'எங்கள் படிவம் தமிழை ஏற்காது' என்று அறிவிப்பு ஒட்டும் இடங்களும் உண்டு.

இதுவரை சொன்னவை கண்ணுக்குத் தெரியும் கோளாறுகள். கண்ணுக்குத் தெரியாதவைதான் அலுவலகங்களை அதிகம் அலைக்கழிக்கின்றன. பட்டியலில் 'கௌரி' இருக்கிறார், ஆனால் தேடினால் இல்லை. ஏனென்றால் தட்டச்சு செய்தவர் 'கெளரி' என்று அடித்திருக்கிறார்: க, ஒற்றைக் கொம்பு, அப்புறம் தனி ளகரம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கர்சரை ரகரத்துக்கு முன்னால் வைத்து பேக்ஸ்பேஸை ஒரு முறை தட்டிப் பாருங்கள். 'க' மட்டும் மிஞ்சினால் சரியான ஔகாரம். 'கெ' மிஞ்சினால் பின்னால் நின்றது ளகரம். 'ஔவை', 'ஒளவை' இரண்டுக்கும் இதே கதை. இதை மொத்தமாகக் கண்டுபிடி-மாற்று கட்டளையில் திருத்த முடியாது. கொம்பும் ளகரமும் சேர்ந்த இடத்தையெல்லாம் மாற்றினால் 'வெள்ளி'யும் 'தெளிவு'ம் நாசமாகிவிடும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வராத இடங்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

'அவர்கள்' என்பதற்குப் பதில் 'அவா்கள்' என்று இருப்பதும் அப்படித்தான். இது தட்டச்சு இயந்திர நாளின் சொத்து. தாளில் ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாததால் எது கைக்கு எட்டியதோ அதை அடித்துப் பழகிவிட்டார்கள். இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாகத் திருத்தலாம். தமிழில் காலுக்கு மேல் புள்ளி வரவே வராது. ஆகவே காலும் புள்ளியும் சேர்ந்த இடமெல்லாம் 'ர்' என்று மாற்றினால் ஒரு பிழையும் நேராது. இணையத்தில் நாளிதழ்ச் செய்திகளிலேயே இந்தக் கால்-புள்ளி இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அந்தச் செய்திகள் சரியான எழுத்தில் தேடுவோருக்குச் சிக்காமல் போகலாம். ஆசிரியர் குழு கவனிக்க வேண்டும்.

'ஸ்ரீ'யும் அப்படித்தான். பழைய முறையில் ஸகரத்தில் தொடங்கும். 2005-ல் யூனிகோடு 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து சேர்ந்த பிறகு அதில் தொடங்கும் இன்னொரு வடிவமும் வந்துவிட்டது. வரைவது இரண்டும் ஒரே படம். ஶ்ரீனிவாசன் ஒருவர் இரண்டு கைப்பேசிகளிலிருந்து பதிவு செய்தால் தரவுத்தளத்தில் இரண்டு பேர் ஆகிவிடுவார். கொ, கோ ஆகியவற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று சேமித்த கோப்புகளும் உண்டு. அவற்றை மட்டும் 'என்எஃப்சி' என்ற இயல்பாக்கம் தானாகவே ஒன்றாக்கிவிடும். பெரும்பாலான நிரல்மொழிகளில் ஒரே வரிதான். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் அதை ஓட்ட வேண்டும். கௌ-கெள, இரண்டு ஸ்ரீ ஆகியவை அதற்குப் பிடிபடா. அவற்றுக்குத் தனியே ஒரு சின்ன மாற்றுப் பட்டியல் வேண்டும்.

அகரவரிசை பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. தரவுத்தளத்தைக் குறியீட்டு எண் வரிசையில் அடுக்கச் சொன்னால் மரம், மறம், மலர் என்று வரும். அகராதியில் மரம், மலர், மறம். கண்ணனுக்கு முன்னால் கணபதி வந்து நிற்பார், ஏனென்றால் புள்ளியின் எண் எல்லா மெய்களுக்கும் பின்னால் இருக்கிறது. தமிழுக்கான வரிசை விதிகளை ஐசியூ என்ற இலவச நிரல் தொகுப்பு வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும்படி கேட்டால் நிரலாளருக்கு அரை நாள் வேலை.

இனி பில் பிரிண்டர். சிறு கடைக்காரர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். 'தமிழ் பிரிண்டர்' என்று தனியாக விலை சொல்லும் விற்பனையாளர்களிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். சூட்டில் அச்சிடும் தெர்மல் பிரிண்டர்கள் எல்லாமே புள்ளிகளால் வரைபவைதான். அவற்றின் உள்ளே ஆங்கிலத்துக்கும் வேறு சில மொழிகளுக்கும் எழுத்துருக்கள் பதிந்திருக்கும். தமிழ் பெரும்பாலும் இருக்காது. பில்லிங் மென்பொருள் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவர் (பிரிண்டரை இயக்கும் நிரல்) வழியாக எழுத்தை எழுத்தாகவே அனுப்பினால் தமிழ் வராது. வரியைப் படமாக வரைந்து அனுப்பினால் எந்த பிரிண்டரிலும் வரும். பிரிண்டர் கம்பெனியின் விண்டோஸ் டிரைவரை நிறுவி, மென்பொருளில் அச்சிடும் முறையை அதற்கு மாற்றினால் விண்டோஸே இந்தப் படம் வரையும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு செயலியென்றால் 'இமேஜ் பிரிண்டிங்' என்ற அமைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படமாக அனுப்புவதற்கு ஒரு விலை உண்டு: வேகம். 80 மில்லிமீட்டர் ரோலில் அச்சிடும் அகலம் பொதுவாக 576 புள்ளி, 58 மில்லிமீட்டர் ரோலில் 384. அகலமான ரோலில் ஓர் ஆங்கில வரி 48 எழுத்து, 48 பைட். அதே இடத்தில் 32 புள்ளி உயரமுள்ள தமிழ் வரியைப் படமாக்கினால் 2,304 பைட். யூஎஸ்பி கேபிளில் இது ஒன்றுமேயில்லை. பழைய சீரியல் கேபிளில் விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு வரிக்கு இரண்டரை விநாடி ஆகும். இருபது சாமான் வாங்கியவர் பில்லுக்காக ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மலிவான புளூடூத் பிரிண்டர்களில் வேறு தொல்லை. முழுப் பில்லையும் ஒரே படமாக அனுப்பினால் உள்நினைவகம் நிரம்பி, பாதிப் பில்லில் நின்றுவிடும், அல்லது அதன்பின் குப்பை குப்பையாக அடித்துக்கொண்டு காகிதத்தைக் கக்கும். படத்தை வரி வரியாக நறுக்கி, இடையில் சற்று நிறுத்தி அனுப்பினால் இது தீரும். எழுத்துரு மெல்லியதாக இருந்தால் சூட்டில் கோடு அறுபடும். ண, ன சுழிகள் ஒன்றுக்கொன்று குழம்பும். தடித்த எழுத்துருவை வையுங்கள். வரி உயரத்தைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். மேலே ஈகார விசிறியும் கீழே 'மூ'வின் சுழியும் அடுத்த வரியோடு இடித்துக்கொள்ளாமல் இருக்கும்.

எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனங்களுக்கு ஒரு குறிப்பு. ஒரு செய்தியில் 140 பைட்தான் இடம். ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70 குறியீடு. நீளமானால் துண்டுகளாகும், அப்போது துண்டுக்கு 67. 'அன்பார்ந்த வாடிக்கையாளரே' என்ற வாழ்த்து மட்டுமே 24 குறியீடுகளைத் தின்றுவிடும். மரியாதை குறையாமல் 'வணக்கம்' என்று ஏழில் முடிக்கலாம். தமிழே இல்லாத செய்தியிலும் கைக்காசு கரையும் ஒரு ஓட்டை இருக்கிறது. 150 எழுத்தில் ஆங்கிலச் செய்தி எழுதினால் ஒரே எஸ்எம்எஸ். அதில் ₹ குறியை ஓரிடத்தில் போட்டால், அந்தக் குறி ஆங்கில எஸ்எம்எஸ் பட்டியலில் இல்லாததால் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறி மூன்று எஸ்எம்எஸ் ஆகிவிடும். வேர்டிலிருந்து நகலெடுத்த வளைந்த மேற்கோள்குறியும் இதையேதான் செய்யும்.

அச்சகம், டிடிபி பக்கம் வந்தால் பழைய எழுத்துருக்களின் ராஜ்யம் இன்னும் முடியவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். கணினியைப் பொறுத்தவரை அது தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டது. யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் கோப்பை மொத்தமாக ஒட்டி மாற்றினால் இடையில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாக மாறிவிடும். வேர்டில் தேடும் பெட்டியில் எழுத்துருவைக் குறிப்பிட்டுத் தேடி, பாமினியில் இருக்கும் பகுதிகளை மட்டும் பிடித்து மாற்றுங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடையும் டேஸ்16-ஐயும் (தமிழுக்கான 16 பிட் குறியீட்டு முறை) தரமாக அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் வானவில் என்ற பழைய முறை எழுத்துருவில் கோப்பு கேட்பவர்களை என்ன சொல்வது!

'இன்டிசைனில் யூனிகோடு உடைகிறது' என்ற புகார் பழைய புகார். பத்தி (பாரா) அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். சிஎஸ்6 பதிப்பிலிருந்தே இந்திய மொழிகளுக்கு இது இருக்கிறது.

பிடிஎஃப் மட்டும் இன்னும் முழுதாகத் தீராத வழக்கு. திரையில் 'கோயில்' என்று அழகாக இருக்கும். நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் 'ேகாயில்' என்று வரும், கொம்பு புள்ளி வட்டத்தோடு முன்னால் துருத்திக்கொண்டு. பிடிஎஃப் எழுத்துகளின் படங்களை இடமிருந்து வலமாக அடுக்கி வைக்கிறது. யூனிகோடோ, கண்ணுக்கு முன்னால் தெரியும் கொம்பையும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கிறது. இரண்டுக்கும் நடுவே மூல எழுத்து இதுதான் என்று குறித்து வைக்க பிடிஎஃப் தரத்தில் வசதி இருக்கிறது; எல்லா மென்பொருளும் அதை எழுதுவதில்லை. ஆகவே ஏல அறிவிப்பு, வாக்காளர் விவரம், சங்கக் கணக்கு என்று பிறர் தேட வேண்டியதை வெளியிடும்போது பிடிஎஃப்போடு மூலக் கோப்பையும் சேர்த்தே போடுங்கள். குறைந்தபட்சம் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள். உங்கள் மின்னிதழுக்கும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

குறையையே அடுக்கினால் நியாயமாகாது. தமிழ்99 விசைப்பலகை 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டி உருவானது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில்; ககரத்தை இரண்டு முறை தட்டினால் 'க்க' என்று புள்ளி தானே விழும். இப்போது விண்டோஸிலும் மேக்கிலும் அது கூடவே வருகிறது, எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. ஒரு வாரம் பொறுமையாகப் பழகினால் ஆங்கில எழுத்தில் தங்கிலீஷாக அடிப்பதைவிடக் குறைந்த தட்டல்களில் வேலை முடியும். விசைப்பலகையே வேண்டாம் என்பவர்கள் கைப்பேசியில் பேசினால் எழுதிக்கொள்கிறது. ஊர்ப்பெயர்களில் சறுக்கினாலும் கடிதம் எழுதும் அளவுக்குத் தேறிவிட்டது. பழைய அச்சுத் தாளைப் படம் பிடித்தால் எழுத்தாக மாற்றித் தருகிறது. கைப்பேசியில் அடித்த வரியைக் கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து வேறொரு நாட்டில் இருப்பவருக்கு அனுப்பினாலும் ஒரு புள்ளிகூட உதிராமல் போய்ச் சேர்கிறது. பழைய எழுத்துருக் காலத்தில் மின்னஞ்சலோடு எழுத்துருக் கோப்பையும் இணைத்து 'முதலில் இதை நிறுவவும்' என்று எழுதியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆகவே மென்பொருளோ பில் மெஷினோ வாங்கப்போகும் கடைக்காரர்கள், சங்கங்கள், பள்ளிகள் ஆகியோருக்கு ஒரு யோசனை. 'தமிழ் சப்போர்ட் உண்டா?' என்று கேட்காதீர்கள். உண்டு என்றுதான் சொல்வார்கள். கிருஷ்ணமூர்த்தி, கௌரி, ஔவை, ஸ்ரீனிவாசன், கமலா, கண்ணன், கணபதி, கோயில்பட்டி ஆகிய சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டெமோ காட்டுபவரின் கணினியிலேயே எல்லாவற்றையும் பெயர்க் கட்டத்தில் அடிக்கச் சொல்லுங்கள். சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். கைப்பேசியிலிருந்து ஒன்றைத் தேடுங்கள். அகரவரிசையில் அடுக்கச் சொல்லி, கணபதிக்கு முன்னால் கண்ணன் வருகிறாரா என்று பாருங்கள். சிஎஸ்வியாக இறக்கி 65001-ல் திறந்து பாருங்கள். பிடிஎஃப்பிலிருந்து 'கோயில்பட்டி'யை நகலெடுத்து ஒட்டுங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே பிரிண்டரில், அதே கேபிளில் இருபது வரி பில் அடிக்கச் சொல்லி எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

எதில் தேறவில்லையோ அதைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'அடுத்த வெர்ஷனில் வந்துவிடும்' என்பார்கள். வரட்டும், மொத்தத் தொகையில் ஒரு பங்கை அது வந்த பிறகே தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்புத் துறையைச் சேர்ந்த ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி